களவுபோன கடவுச்சீட்டும் அவசரத்தின் விலையும்

வளைகுடா நாடுகளில் உழைப்போரும், உரோமை, எருசலேம் எனத் திருப்பயணம் செல்வோரும் நம் பங்குகளில் பலர் உளர். அவர்கள் உயிரெனப் போற்ற வேண்டிய சிற்றேடு பாஸ்போர்ட் எனப்படும் கடவுச்சீட்டு. பணப்பை களவுபோனால் பொருள்தான் இழப்பு. கடவுச்சீட்டு களவுபோனாலோ, அயல்நாட்டில் தாம் யாரென நிறுவும் சான்றே கைநழுவிவிடுகிறது.

1967 ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி அவ்வேடு எக்காலத்தும் மத்திய அரசின் உடைமையே. நாம் அதன் காப்பாளர் மட்டுமே. ஆதலின் அது களவுபோனால் உடனே அறிவிப்பது நம் பொறுப்பாகும்.

முதலில் செய்ய வேண்டியது

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் சான்றைப் பெறுக. அயல்நாட்டிலெனில், அந்நாட்டுக் காவலரிடம் முறையிட்டபின் இந்தியத் தூதரகத்தை அணுகுக. இழந்ததாக அறிவித்த சீட்டு ரத்தாகிவிடும். பின்னர் கிடைத்தாலும் அதனைக்கொண்டு பயணம் செய்தலாகாது. “தேடினால் கிடைக்கும்” என்று நாள் கடத்துவோர் பலர். அவ்வாறு வீணாக்கிய நாள்களை எந்த விரைவுக் கட்டணமும் மீட்டுத் தராது.

தாய்நாட்டில் இரு வழிகள்

இணையத்தில் விண்ணப்பித்து, குறித்த நாளில் பாஸ்போர்ட் சேவா மையத்திற்கு நேரில் செல்ல வேண்டும். காவல்துறைச் சான்றும், சீட்டு எப்போது, எவ்வாறு பறிபோனது, முன்னரும் இழந்ததுண்டா என்பவற்றைக் கூறும் உறுதிமொழிப் பத்திரமும் தேவை. களவுபோன 36 பக்கச் சீட்டுக்கு மாற்றுச் சீட்டு பெறக் கட்டணம் ரூ.3,000. ‘தட்கல்’ என்னும் விரைவு முறைக்கு மேலும் ரூ.2,000. இம்முறையில் வாக்காளர் அட்டை, பான் அட்டை, குடும்ப அட்டை போன்று பட்டியலில் உள்ள ஆவணங்களுள் மூன்றைக் காட்ட வேண்டும். காவல் விசாரணையைப் பின்னர் நடத்தலாமென அலுவலர் இசைந்தால், விண்ணப்பித்த நாள் நீங்கலாக மூன்றாம் வேலைநாளில் சீட்டு அனுப்பப்படும். எனினும் இறுதி முடிவு அலுவலருடையதே. கூடுதல் பணம் கட்டியதனாலேயே உரிமை வந்துவிடாது. பயண நாள் தொலைவிலிருப்பின் சாதாரண முறையே போதும்.

அயல்நாட்டில் எது விரைவு?

தூதரகம் ‘அவசரச் சான்றிதழ்’ வழங்கும். இது தாயகம் திரும்ப மட்டும் உதவும் ஒருவழி ஆவணம். தந்தை மரணப்படுக்கையில் இருக்கிறாரா? இதனைப் பெற்று விரைந்து வருக. ஆனால் பணி தொடர வேண்டியவர் இதன் விளைவை ஆராய்ந்து முடிவு செய்தல் நன்று. ஊர் வந்தபின் புதிய கடவுச்சீட்டு பெற வேண்டும். பழைய சீட்டில் பொறித்த விசாவுக்கும் அந்நாட்டாரிடம் மீண்டும் வழி தேட வேண்டும். அத்தகையோர் சில வாரங்கள் பொறுத்திருந்தேனும் அங்கேயே புதுச் சீட்டு பெறுவதே பெரும்பாலும் நலம். விரைந்து கிடைப்பது எப்போதும் விரைவில் வேலையை முடித்துவிடுவதில்லை.

இல்லத்தார் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பயணம் புறப்படுமுன் சீட்டின் முதற்பக்கம், இறுதிப்பக்கம், விசாப் பக்கம் ஆகியவற்றின் படிகளை வீட்டில் ஒன்றும் பயணப்பெட்டியில் ஒன்றுமாக வைத்திடுக. எண்ணும் வழங்கிய நாளும் தெரிந்தால் விண்ணப்பம் தடையின்றி நகரும். செலவில்லாத இச்சிறு முன்யோசனை, துன்பம் நேரும் நாளில் பெருந்துணையாய் நிற்கும்.