பனியனில் முகம்: புள்ளிதான் சூட்சுமம்

குழந்தை முகம் அச்சடித்த பனியனைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாம் குட்டிக் குட்டிப் புள்ளி!

ஏன் புள்ளி? ஸ்கிரீனில் கலர் ஒன்று இறங்கும், இல்லையென்றால் இறங்காது. கறுப்பு கலரை வைத்து வெளிர் நிழல் காட்ட முடியாது. அதனால் கம்ப்யூட்டர் போட்டோவைப் புள்ளியாக்குகிறது. கறுத்த இடத்தில் பெரிய புள்ளி, வெளுத்த இடத்தில் சின்னப் புள்ளி. தள்ளி நின்றால் முகம் தெரியும். அதை ஃபிலிமில் எடுத்து ஸ்கிரீனில் பதிக்கிறார்கள்.

புள்ளி ரொம்பப் பொடியானால் ஸ்கிரீனில் நிற்காது. ரொம்ப நெருங்கினால் கலர் பரவி அப்பிவிடும். அப்புறம் பனியன் ரிஜெக்ட்தான்!

இதைச் செய்யும் 'கிம்ப்' மென்பொருள் இலவசம். புள்ளி வைத்துக் கோலம் போடும் கைக்கு இது வராதா? செக்கிங் மேசையோடு நிற்காமல் கம்ப்யூட்டர் முன்னாலும் உட்காருவோம். அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்.