எண்ணெய்க் கிணறும் கடற்கரையின் நற்பெயரும்

கடலடியில் எண்ணெய் எடுக்கும் தொழிலும், உல்லாசப் பிரயாணிகளை வரவேற்கும் தொழிலும் ஒரே கரையில் நடைபெற இயலுமா என்னும் கேள்வி பல நாடுகளில் எழுந்துள்ளது. துணியையும் விளைபொருளையும் வெளியூராருக்கு விற்கும் நம் அங்கத்தினர்களுக்கும் இக்கேள்வி தொடர்புடையதே. பிரயாணிகள் வருவது குறைந்தால் கடைவீதியின் விற்பனையும் குறையும்.

ஓர் ஊரைப் பற்றிப் பிரயாணி கொள்ளும் அபிப்பிராயம் இரண்டு வழிகளில் மாறுகின்றது. முதலாவது, கண்ணாற் காண்பது. 1974ஆம் ஆண்டில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்ட மும்பை ஹை வயல் கரையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஜூஹு கடற்கரையில் உலாவுவோர் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. ஆதலின் அவர்கள் அதைப் பொருட்படுத்துவதுமில்லை. கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவிலோ, எண்ணெய் மேடைகள் கரையிலிருந்தே தெரியுமளவு அருகில் அமைந்திருந்தன. 1969 ஜனவரி 28 அன்று அவற்றுள் ஒன்றன் கிணறு கட்டுக்கடங்காமற் பீறிட்டது. கரையெங்கும் எண்ணெய் படிந்தது. அதன்பின் அம்மேடைகளின் தோற்றமே விபத்தை நினைவூட்டலாயிற்று.

இரண்டாவது, காதாற் கேட்பது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் துரப்பண மேடையொன்று வெடித்து 11 பேர் இறந்தனர். கிணற்றை அடைக்க 87 நாட்களாயின. புளோரிடா மாநிலத்தில் எண்ணெய் எட்டாத கரைகளிலும் பிரயாணிகள் தங்கும் ஏற்பாடுகளை ரத்துச் செய்தனர். தொலைவிலிருப்போர் ஊர்களைத் தனித்தனியே பிரித்தறிவதில்லை. விளம்பரத்துக்கென அம்மாநிலத்துக்கு எண்ணெய்க் கம்பெனி 250 லட்சம் டாலர் வழங்க நேர்ந்தது.

நம் கரையிலும் இதற்கு நிகரான அனுபவம் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகில் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. காரணம் துரப்பணம் அன்று. எனினும் கரைக்கு வந்தது எண்ணெயே. கசிவு இல்லை என்றே முதலில் துறைமுகத் தரப்பில் கூறப்பட்டது. பின்னர் எண்ணெய்ச் சேறு கரை ஒதுங்கியது. தொண்டர்கள் அதை வாளிகளில் அள்ளினர். அபிராமபுரத்தார் அடையாற்றைக் கடந்து காற்று வாங்கச் செல்லும் பெசன்ட் நகர்க் கரை வரையிலும் அதன் படலம் வந்தது. மக்கள் மீன் வாங்கத் தயங்கினர். குற்றமற்ற மீனவர் நஷ்டமடைந்தனர்.

கழுவினால் மணல் தூய்மையாகும். இழந்த நம்பிக்கையோ எளிதில் திரும்பாது. நஷ்ட ஈடு கணக்கிடுவோர் கரையைச் சுத்தம் செய்யும் செலவோடு நின்றுவிடாமல், விற்பனை குறைந்த சிறு வியாபாரிகளையும் கைத்தொழிலாளரையும் கருத வேண்டும். இதற்குச் சங்கங்களின் மாதவாரி விற்பனைக் கணக்கே தக்க சான்றாகும். ஆகவே கடலோர ஊர்களின் சங்கங்கள் அக்கணக்கைப் பிழையின்றி வைத்தல் வேண்டும். விபத்து நேருமாயின், எந்தக் கரை கெட்டது, எந்தக் கரை கெடவில்லை என்பதை நாளும் இடமும் குறித்து உள்ளவாறு அறிவிக்குமாறு அதிகாரிகளைக் கோரவும் வேண்டும். முதல் நாள் மறைக்கப்பட்ட உண்மை மறுநாள் வதந்தியாகப் பெருகி, கெடாத கரையின் வாணிபத்தையும் கெடுத்துவிடும்.