புரட்டாசியும் புலால் மறுத்தலும்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பிமார், "சைவ உணவுக்கு மாறுவது பற்றி எழுதுங்கள் ஐயா, உங்களுக்குத் தெரியாததா?" என்றார்கள். உண்மையில் நான் எதிலிருந்தும் மாறியவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் புலால் என்றுமே கிடையாது. (சமணன் சாப்பிடுவதற்கும் 'சைவம்' என்றே பெயர் வந்துவிட்டது, அது தனிக்கதை!) விட்டவனல்லவா விடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும்? ஆகவே, திருப்பதியில் நாற்பது ஆண்டாக அரிசி, பருப்பு வியாபாரம் செய்ததில் என் வாடிக்கையாளரிடம் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

மலைமேலும் மலையடியிலும்

2014-ஆம் ஆண்டின் அரசு மாதிரிக் கணக்கெடுப்புப்படி ஆந்திரம், தமிழ்நாடு இரண்டிலும் 15 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் புலால் உண்பவர்கள். இவர்கள் நடுவில்தான் திருமலை நிற்கிறது. அலிபிரிச் சோதனைச் சாவடியைத் தாண்டி இறைச்சியோ மதுவோ மேலே போகக் கூடாது. 1985-இல் தொடங்கிய நித்திய அன்னதானத்தில் சோறு, குழம்பு, ரசம், மோர்தான். மலையடியிலோ மே மாதத்தில் தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை. கங்கம்மாள் பெருமாளுக்குத் தங்கை என்பது ஊர் வழக்கு. அண்ணனுக்குத் துளசி, தங்கைக்கு ஆடு, கோழி. இரண்டு இடத்துக்கும் போவது ஒரே குடும்பம்தான்.

அந்தக் குடும்பமே புரட்டாசி பிறந்தால் கறிச்சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுகிறது. சனிக்கிழமை தளிகை, மாவிளக்கு. பிள்ளைகள் நாமம் போட்ட சொம்போடு 'கோவிந்தா' சொல்லி அரிசி வாங்குகிறார்கள். தெலுங்கு அண்டை வீட்டாரில் பலர் இதையே கார்த்திக மாதத்தில் செய்கிறார்கள். அபராதமில்லை, காவலில்லை. எப்படி முடிகிறது? மூன்று காரணம் எனக்குத் தெரிகிறது. காலவரை உண்டு, வீடே சேர்ந்து விடுகிறது, விட்ட இடத்தில் வேறொன்று வைக்கப்படுகிறது. அந்த மாதம் என் கடையில் மொச்சை, காராமணி, கொண்டைக்கடலை மூட்டை மூட்டையாகப் போகும்.

சட்டமும் நீலகேசியும்

1950-இல் சென்னை மாநிலம் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுத்துச் சட்டம் செய்தது. சித்தூர் அப்போது அந்த மாநிலத்தில்தான் இருந்தது. தமிழ்நாட்டில் 2003-இல் அதைக் கடுமையாக நடைமுறைப்படுத்தப் பார்த்தார்கள், எதிர்ப்பு எழுந்தது, 2004-இல் சட்டமே நீக்கப்பட்டது.

பழைய தமிழ்ச் சமண நூலான நீலகேசி வேறு வழி காட்டுகிறது. 1936-இல் அ. சக்கரவர்த்தி பதிப்பித்த நூல் அது. பாஞ்சால நாட்டில், குழந்தை பிறந்த நேர்த்திக்காகக் காளிக்குப் பலி கொண்டுவருகிறார்கள். அங்கிருந்த முனிசந்திரர் என்ற சமண முனிவர் 'கும்பிடாதே' என்று சொல்லவில்லை. மண்ணால் உருவம் செய்து வைத்து நேர்த்தியை முடியுங்கள் என்கிறார். சினந்த காளி அவரை விரட்டப் பழையனூர் நீலியை அழைக்கிறாள். விரட்ட வந்த நீலியோ அவரிடம் அறம் கேட்டு மாறிவிடுகிறாள். அந்தப் பழையனூர் நமக்குத் தூரமில்லை. திருவாலங்காட்டை ஒட்டிய ஊர்; 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி வட்டத்தைச் சேர்ந்தது.

வள்ளுவரும் 25-ஆம் அதிகாரத்தில் அருளுடைமையைச் சொல்லிவிட்டு, 26-இல்தான் புலால் மறுத்தலை வைத்தார். முதலில் அருள், பிறகுதான் இலை.

நான் செய்த தவறு

படித்தவன் நடந்தானா என்றால், இல்லை. முப்பது வருஷத்துக்கு முன் என் கடையில் மூட்டை தூக்கிய ஒருவர் மதியத்துக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவார். ஒருநாள் முகம் சுளித்து, "இதையெல்லாம் இங்க வச்சுச் சாப்பிடாதப்பா, வெளிய போ" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "சரிங்க மொதலாளி. ஒரு துண்டு கருவாடு இருந்தா வீட்ல நாலு பேரு சோறு தின்னுருவோம். உங்க பருப்பைத் தெனமும் தூக்குறேன், வாங்கத்தான் முடியல" என்று தூக்குச்சட்டியோடு வெயிலில் போய் உட்கார்ந்தார்.

அன்று பொழுது சாயுமுன் உண்ண உட்கார்ந்த எனக்குச் சோறு இறங்கவில்லை. எறும்புக்கு ஒதுங்கி நடக்கிற குலத்தில் பிறந்து, மனுஷனை வெயிலில் நிறுத்திவிட்டேனே! மறுநாள் மன்னிப்புக் கேட்டு, கடைக்குள்ளேயே உட்காரச் சொன்னேன். சம்பளத்தோடு மாதாமாதம் பருப்பும் பயறும் கொடுத்தேன். எதையும் விடச் சொல்லவில்லை. சில வருஷம் கழித்து அவராகவே புரட்டாசியோடு கார்த்திகையையும் சேர்த்துக்கொண்டார். மற்ற மாதங்களில் கருவாடு உண்டு. அது அவர் கணக்கு.

மாற நினைப்போருக்கு

வெறும் சோறும் ஊறுகாயும் சைவம்தான், ஆனால் சத்தில்லை. அரிசியில் குறைவான லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவதை அரிசி ஈடுசெய்யும். இட்லியும் பொங்கலும் பருப்புச் சோறும் அதனால்தான் நல்ல உணவு. இரும்புச் சத்துக்குக் கீரை, கொள்ளு, பயறு. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்டதும் டீ குடித்தால் அது குறையும். பி12 என்ற சத்து காய்கறியிலும் பயறிலும் கிடைக்காது. பால், தயிரில் உண்டு. பாலையும் விட்டவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். விரதத்தைச் சொல்லிக்கொடுங்கள், பக்கத்துப் பிள்ளையின் டிபன் பாக்ஸைப் பார்த்து மூக்கைப் பொத்தச் சொல்லிக்கொடுக்காதீர்கள். உயிர்மேல் வைக்கும் இரக்கம் எதிரே உட்கார்ந்து உண்பவரிடமிருந்து தொடங்கட்டும்.