ஓர் ஆட்டம் கற்றவர்க்கு மற்றோர் ஆட்டம் எளிதா?

ஆண்டுதோறும் கல்லூரி திறந்த சில வாரங்களில் அணித் தேர்வு நடைபெறுகிறது. முதலாண்டு மாணவர்கள் திடலில் வரிசையாக நிற்பார்கள். "இதற்கு முன் என்ன ஆடியிருக்கிறாய்?" என்ற கேள்விக்குப் பலரிடமிருந்து தயக்கத்தோடுதான் விடை வரும். "ஊரில் கபடி ஆடுவேன் சார், கிட்டிப்புள் ஆடுவேன், ரப்பர் பந்தில் கிரிக்கெட் ஆடியிருக்கிறேன்." அந்த மாணவன் கொண்டுவந்திருப்பது கைமுதலா, கடனா என்பதைப் பத்து நிமிடத்தில் தீர்மானித்துவிடுகிறோம். மூன்றாண்டுகள் திடலுக்குள் நிற்பதா, வெளியே நின்று கைதட்டுவதா என்பது அந்தப் பத்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது.

இது குறித்து நம்மிடையே இரு நம்பிக்கைகள் உலவுகின்றன. ஒன்று, நல்ல ஆட்டக்காரன் எதையும் ஆடிவிடுவான் என்பது. மற்றொன்று, வேறு ஆட்டம் ஆடினால் கை கெட்டுப்போகும் என்பது. ஒரே ஆசிரியர் காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் சொல்வதைக் கேட்டதுண்டு!

உளவியலார் இதனைப் 'பயிற்சி மாற்றம்' என்ற தலைப்பில் ஆராய்ந்துள்ளனர். முன்பு கற்றது பின்பு கற்பதற்குத் துணை செய்யலாம், தடையாகலாம், அல்லது எதுவும் செய்யாதிருக்கலாம். நினைவு, கவனம் போன்ற பொதுவான ஆற்றல்களை ஒரு துறையில் தீட்டிவிட்டால் எல்லாத் துறையிலும் அவை கூர்மையாக இருக்கும் என்று முன்னர்க் கருதினர். 1901-இல் தார்ண்டைக், உட்வொர்த் என்ற அமெரிக்க அறிஞர் இருவர் இதனைச் சோதித்தனர். சில வடிவங்களின் பரப்பளவைக் கண்ணால் மதிப்பிடச் சிலரைப் பழக்கி, பிறகு வேறு அளவும் வடிவமும் கொண்டவற்றைக் கொடுத்துப் பார்த்தனர். எதிர்பார்த்த அளவு திறன் கூடவில்லை. இரு செயல்களிலும் பொதுவான கூறுகள் எவ்வளவு உண்டோ அவ்வளவே பயிற்சி மாறும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். ஆகவே 'பூப்பந்து ஆடியவன் இறகுப்பந்து ஆடுவானா?' என்று கேட்பதைவிட, இரண்டிலும் எந்தக் கூறு ஒன்று, எந்தக் கூறு வேறு என்று பிரித்துக் கேட்பதே பொருத்தம்.

பிரித்துத்தான் பார்ப்போமே. தஞ்சையில் பிறந்ததாகச் சொல்லப்படும் பூப்பந்தாட்டம் நமக்கெல்லாம் பழக்கமானது. கம்பளி நூல் பந்தின் எடை 27 முதல் 30 கிராம். இறகுப்பந்தோ 5 கிராம் அளவே இருக்கும். இரண்டிலும் பந்து தரையைத் தொடுமுன் அடித்தாக வேண்டும். எதிரியின் தோளையும் மட்டையையும் பார்த்துப் பந்து வரும் திசையை முன்கூட்டியே உணர வேண்டும். வலையருகே விரைந்து சென்று உடனே பின்வாங்கவும் வேண்டும். இவையெல்லாம் பொதுவான கூறுகள். பூப்பந்து ஆடியவர் இறகுப்பந்துக் களத்தில் முதல் நாளே திகைக்காமல் நிற்பதற்கு இவையே காரணம்.

இனி வேறுபடும் கூறுகள். கம்பளிப் பந்து கனமானது. தோளிலிருந்து கை முழுவதையும் வீசினால்தான் அது வலுவாகச் செல்லும். இறகுப்பந்து மட்டை 100 கிராமுக்கும் குறைவான எடை உடையது. அதைப் பிடிக்கும் பிடி தளர்வாக இருக்க வேண்டும். அடிக்கும் கணத்தில் முன்கை சுழன்று விரல்கள் இறுக வேண்டும். அன்றியும் இறகுப்பந்து புறப்படும்போது மிக விரைவாகப் புறப்பட்டு, காற்றின் தடையால் பாதி வழியிலேயே வேகம் இழந்து, இறுதியில் ஏறத்தாழச் செங்குத்தாக விழுகிறது. பந்து போலவே வந்து சேரும் என்று காத்திருக்கும் பூப்பந்தாட்டக்காரரின் மட்டை வெறும் காற்றை அடிக்கிறது. நால்வர் சிரிக்கிறார்கள். 'இவன் கை கெட்ட கை' என்ற பெயரும் வந்துவிடுகிறது.

கெட்டது கையன்று. தலைக்கு மேல் வரும் ஒன்றைக் கண்டதும் பழகிய விடையைக் கை தருகிறது. அவ்வளவுதான். ஏறக்குறைய ஒரே தூண்டலுக்கு வேறு விடை தர வேண்டிய இடத்தில்தான் இவ்விதத் தடை மிகுதியாகத் தோன்றும். ஆயினும் உடலியக்கத் திறன்களில் இத்தடை பெரும்பாலும் தொடக்க நிலைக்கே உரியது, பயிற்சி தொடரத் தொடர மறைவது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பத்து நிமிடத் தேர்வின் குறை இங்கேதான் இருக்கிறது. தடை மிகுதியாக இருக்கும் நேரத்தில் மாணவனை அளந்துவிட்டு, துணை வெளிப்படும் முன்னரே அவனை அனுப்பிவிடுகிறோம்.

பொதுக் கூறு எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கு நடராஜனைவிட நல்ல சான்று நமக்குக் கிடைக்காது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர் அவர். 2020 டிசம்பரில் இந்திய அணிக்காக ஆடத் தொடங்கி, 2021 சனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் போட்டியிலும் ஆடினார். சாதாரண டென்னிஸ் பந்து 60 கிராமைத் தொடாது. கிரிக்கெட் பந்தோ 156 கிராமுக்குக் குறையாது. எழும்பும் உயரமும் வேறு. அப்படியிருந்தும் அவருக்குப் புகழ் தேடித் தந்தது டென்னிஸ் பந்தில் பழகிய யார்க்கரே. சற்று எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. யார்க்கர் மட்டையாளரின் காலடியில் விழுவது. அது எழும்புவதற்கு இடமே இல்லை. இரு பந்துகளுக்கும் இடையே உள்ள பெரிய வேறுபாடு அந்த ஒரு வீச்சில் ஏறத்தாழ இல்லாமற் போகிறது. எஞ்சி நிற்பது குறி, அதாவது பந்தை எந்தக் கணத்தில் கையிலிருந்து விடுவது என்ற அறிவு. பந்தின் எடைக்கேற்ப அதைச் சற்றுத் திருத்திக்கொண்டால் போதும். மட்டையாளர் நிலைமையோ இதற்கு மாறானது. பந்து எழும்பும் விதத்தை நம்பி ஆடுபவர் அவர். ஆகவே டென்னிஸ் பந்திலிருந்து வரும் மட்டையாளருக்கு மாற வேண்டியது மிகுதி, அவருக்குக் கூடுதல் நாட்கள் தருவதே முறை.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் 1994-இல் பேஸ்பால் ஆடச் சென்ற கதையும் இதையே காட்டுகிறது. கீழ்நிலைப் போட்டிகளில் அவருடைய மட்டையடிச் சராசரி .202 மட்டுமே. அங்கு அது மிகக் குறைவு. ஆனால் அதே பருவத்தில் ஓடித் தளம் கைப்பற்றியது 30 முறை! கால்கள் கூடவே வந்தன. விரைந்து வரும் சிறு பந்தை மட்டையால் சந்திக்கும் கண் வரவில்லை. செங்கற்பட்டுப் பகுதியில் பிறந்த எம். ஜே. கோபாலன் 1934-இல் கல்கத்தாவில் கிரிக்கெட் டெஸ்ட் ஆடி, 1935-இல் இந்திய ஹாக்கி அணியுடன் நியூசிலாந்து சென்றார். அத்தகையோர் அரியர். இரண்டையும் தனித்தனியே நெடுநாள் பழகியவர் அவர் என்பதை மறக்கலாகாது.

பொதுக் கூறு இருந்தாலும் அதைக் கற்பவர் கண்டுகொள்ள வேண்டுமல்லவா? 1908-இல் ஜட் என்பவர் விவரித்த சோதனை இங்கு நினைக்கத் தக்கது. நீருக்கடியில் வைத்த இலக்கின்மீது சிறுவர்கள் குறுவேல் எறிந்தனர். ஒரு சாராருக்கு ஒளி விலகல் பற்றிய விளக்கம் முன்னரே தரப்பட்டது. இலக்கு 12 அங்குல ஆழத்தில் இருந்தபோது இரு சாராரும் ஒன்றுபோலவே எறிந்தனர். ஆழத்தை 4 அங்குலமாகக் குறைத்தவுடன் விளக்கம் பெற்றவர்கள் விரைவில் குறியைத் திருத்திக்கொண்டனர், மற்றவர்கள் தடுமாறினர். 'சொன்னதைச் செய், ஏன் என்று கேட்காதே' என்ற பயிற்சி முறைக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு வேண்டியதில்லை. பூப்பந்து மாணவனிடம் "பழையதை மற" என்பதைவிட, "இது காற்றில் வேகம் இழக்கும், ஓர் அடி முன்னே போய் அடி" என்று காரணத்தோடு சொன்னால் பல நாட்கள் மிச்சமாகும்.

ஒரே ஆட்டத்திற்குள்ளும் திறன்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. 1986-இல் கூட், மகில் என்ற ஆய்வாளர்கள் இறகுப்பந்தில் மூவகைத் தொடக்க அடிகளை மாணவியர்க்குக் கற்பித்தனர். ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்ததற்குச் சென்றவர்களைவிட, மூன்றையும் கலந்து பழகியவர்கள் பின்னர் நடந்த சோதனையிலும், பழகாத மறுபக்கக் களத்திலிருந்து அடித்தபோதும் சிறந்து விளங்கினர். கலந்து பழகும்போது ஆட்டம் அலங்கோலமாகத்தான் தோன்றும். பார்ப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு செய்தி. ஒரு கையின் பயிற்சி மறு கைக்கும் ஓரளவு சென்று சேர்கிறது. 1894-இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்ச்சரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் இதனைக் கண்டறிந்தனர். ஒரு கையைப் பழக்கினால், கட்டுப்போட்டு அசைவின்றி இருக்கும் மறு கையின் வலிமை இழப்பு குறைவதாகப் பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. வலக்கை முறிந்து திடலோரம் அமர்ந்திருக்கும் கூடைப்பந்து மாணவர், மருத்துவர் இசைந்தால், இடக்கையால் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கலாம்.