புதுக்கோட்டைப் பொற்காசும் ஃபலெர்னியன் ஒயினும்

1898-ல் ஆலங்குடி பக்கம் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையான பேரரசர்களின் காசுகள். பெரும்பாலானவற்றில் அரசனின் தலைமேல் உளி வெட்டு! இனி இது நாணயமாகச் செல்லாது, வெறும் தங்கம்தான் என்று காட்டத்தான் வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. மிளகுக்கும் முத்துக்கும் தங்கம் வந்த கதை நமக்குத் தெரியும். கூடவே வந்த ஒயினைப் பற்றி ரெண்டு வார்த்தை.

அந்தக் காலத்து இத்தாலியில் பேர்போனது ஃபலெர்னியன். நேப்பிள்ஸுக்கு வடக்கே, கம்பானியாவில், மாசிக்கோ மலைச்சரிவில் விளைந்தது. வெள்ளை ஒயின்தான், பத்து, இருபது வருஷம் ஜாடியில் கிடந்து தேன் நிறத்துக்கு வந்துவிடும். ஒரே மலையிலும் உச்சியில் விளைவதற்கு ஒரு பெயர், நடுச்சரிவுக்கு ஒன்று, அடிவாரத்துக்கு ஒன்று. பிளினி இதை மூன்றாகப் பிரிக்கிறார்: இனிப்பில்லாத கறாரான வகை, இனிப்பு வகை, லேசான வகை. நெருப்பு வைத்தால் பற்றிக்கொள்ளும் ஒரே ஒயின் இதுதான் என்றும் எழுதுகிறார். தண்ணீர் கலந்து குடித்ததில் ஆச்சரியம் இல்லை.

சரி, நம்ம ஊருக்கு வந்ததா? புறநானூற்று 56-ம் பாட்டில், யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் குடிக்கிறான். 1945-ல் வீலர் தோண்டிய அரிக்கமேட்டில் மதுச்சாடி ஓடுகள் ஏராளம். கம்பானியா ஜாடியைக் கண்டுபிடிப்பது லேசு: மண்ணில் எரிமலையின் கரும்மணல் கலந்திருக்கும். ஆனால் அங்கே கிரேக்கத் தீவான கோஸின் ஜாடிகளும் நிறைய. கடல்நீர் கலந்து செய்த ஒயின் அது! பெரிப்ளூஸும் இத்தாலிய ஒயினைப் பரிகாசாவுக்குத்தான் (இன்றைய பரூச்) முதன்மையாகச் சொல்கிறது. முசிறிக்கு ஒயின் கொஞ்சம்தான் என்கிறது.

அதனால் பாண்டியன் குடித்தது ஃபலெர்னியன்தான் என்று அடித்துச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கம்பானியாவில் மலிவுச் சரக்கும் ஏராளமாக விளைந்தது. எதுவானாலும், கசியாமலிருக்க உள்ளே கீல் பூசிய ஜாடியில், மாசக்கணக்கில் கடல் வெயிலில் வந்தது. அங்கே ருசித்த மாதிரியே இங்கே ருசித்திருக்காது.

மாசிக்கோ சரிவில் இன்றும் ஒயின் உண்டு. வெள்ளை ரகம் ஃபலாங்கினா என்ற திராட்சையிலிருந்து வருகிறது. நல்ல புளிப்பு, இனிப்பு இல்லை. கொடியைக் கட்டும் கம்புக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். வெற்றிலைக்கு நாம் சொல்லும் கொடிக்கால் மாதிரியேதான்.