பேணுதற்குச் செல்லும் பயணம்

மரக்காணத்து உப்பளங்களில் வெயில் ஏறுமுன்னரே வேலை தொடங்கிவிடும். அங்கே உழைக்கும் ஒரு தாயின் நாளை எண்ணிப் பாருங்கள். உப்பளத்திலிருந்து வீடு, வீட்டிலிருந்து பள்ளி, பிறகு ரேஷன் கடை என்று ஓயாத நடை. முதிய மாமியாரைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதாயின், ஏறக்குறைய 35 கிலோமீட்டர் பயணம்; அன்றைய கூலியும் போயிற்று.

பிறரைப் பேணுதற்காகச் செல்லும் இப்பயணங்களை ஓரினமாகக் கணக்கிட வேண்டும் என்றார் ஸ்பெயின் நாட்டு நகரமைப்பு அறிஞர் இனேஸ் சாஞ்செஸ் தே மதாரியாகா. பல தலைப்புகளில் அவை சிதறிக் கிடந்தால் மொத்தப் பளு புலப்படாது.

இப்பளு யார்மீது விழுகிறது? 2019ஆம் ஆண்டு இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். நோயாளியுடன் செல்லும் ஆணும் கூலி இழக்கிறான், கவலையுறுகிறான். ஆனால் அவனுக்கு என்றோ நேர்வது அவளுக்கு அன்றாடம் நேர்கிறது. அவளது ஓய்வும் உறக்கமும் குறைந்து உடல் நலியும்.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டு அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். இதனால் பணம் மிஞ்சுகிறது, நேரம் மிஞ்சவில்லை. அதற்கு வீட்டார் பங்கிட்டுக்கொள்வதே வழி என்பேன். தம்பியைப் பள்ளியில் விட்டுவரும் பொறுப்பை நாளை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த அரைமணி நேரம் அன்னைக்கு ஓய்வாகும்.