குழுச் சிகிச்சை: ‘நாலு பேர் முன்னால் பேசுவதா?’

புதுச்சேரியில் பணிபுரியும் நமக்கு, குடி ஒரு வீட்டை என்ன செய்யும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையின் முகமே சொல்லிவிடும். தந்தை சிகிச்சைக்குப் போனால், மருந்தோடு ‘குழுவிலும் உட்காருங்கள்’ என்கிறார்கள். “நம் வீட்டுக் கதையை நாலு பேர் முன்னால் சொல்வதா, டீச்சர்?” என்று தாய்மார்கள் நம்மிடம்தான் கேட்கிறார்கள்.

1905இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், ஏழைக் காசநோயாளிகளை வாரந்தோறும் ஒன்றாக அமரவைத்து, ஓய்வு, காற்றோட்டம், உணவு பற்றிச் சொல்லிக்கொடுத்தார். நோயாளிகள் ஒருவரையொருவர் பார்த்தே தெம்படைந்ததை அவர் கவனித்தார். குழுச் சிகிச்சையின் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு அவர் வைத்த பெயர் ‘வகுப்பு’. நம் தொழிலுக்கு ஒரு சிறு பெருமைதான்!

இன்றைய குழுவில் பெரும்பாலும் எட்டு, பத்துப் பேர் இருப்பார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் வழிநடத்துவார். அங்கே பேசியது வெளியே போகக்கூடாது என்பது முதல் விதி. முதல் நாளே பேச வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக இல்லை, கேட்டுக்கொண்டிருக்கலாம். ‘எனக்கு மட்டும்தான் இப்படி’ என்ற எண்ணம் உடைவதை முக்கியமான பலனாகக் கூறுகிறார் உளமருத்துவர் இர்வின் யாலோம். இன்னொருவருக்கு உதவ முடிகிறது என்ற உணர்வும் மனதை நிமிர்த்துகிறது. குடிநோயாளிக்கு வேறொரு பயனும் உண்டு. ‘நினைத்தால் நாளையே விட்டுவிடுவேன்’ என்று மனைவியிடம் சொல்லலாம், மருத்துவரிடமும் சொல்லலாம். அதையே பல வருடம் சொல்லிப் பார்த்த இன்னொருவரிடம் அது செல்லாது.

1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, நோயாளியோடு குடும்பத்தினருக்கும் சிகிச்சையில் இடம் தருகிறது. குடியால் கணவரை இழந்தவர் அவர். 1935இல் அமெரிக்காவில் பிறந்த ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ சற்று வேறு வகை: அங்கே சிகிச்சையாளர் கிடையாது, கட்டணம் கிடையாது, குடியை நிறுத்த விரும்புபவர்களே ஒருவருக்கொருவர் துணை. குடும்பத்தாருக்கு ‘அல்-அனான்’, வளரிளம் பிள்ளைகளுக்கு ‘அலடீன்’ என்று தனிக் குழுக்களும் உள்ளன. பிள்ளைகளுக்கும் இது தேவை என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இதைப் படித்துவிட்டு வகுப்பறையில் வட்டம் போட்டு, ‘உங்கள் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லுங்கள்’ என்று தொடங்கிவிட வேண்டாம். அது சிகிச்சை ஆகாது. அங்கே சொன்னது இடைவேளைக்குள் கேலியாகிவிடும். ரகசியம் காக்க நாற்பது குழந்தைகளால் முடியாது. குழு விளையாட்டு, சேர்ந்து படம் வரைதல், இவை போதும். கவலை தரும் பிள்ளையிடம் தனியே பேசுவோம். பெற்றோரிடம் ஜிப்மர் மனநலத் துறையைச் சொல்லலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். வீட்டில் அடி உதை என்றால் காத்திருக்க வேண்டாம்: 1098.